சைலண்ட் ஹில்ஸும் ஜுன்ஜி இட்டோவும்

சைலண்ட் ஹில்ஸ், ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2014-ல் அறிவித்து 2015-ல் கைவிட்ட திகில் வீடியோ கேம். மெட்டல் கியர் தொடரை உருவாக்கிய ஹிடியோ கோஜிமாவும் மெக்சிகோவைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவும் இணைந்து அதை இயக்குவதாக இருந்தது. ஜப்பானியத் திகில் மங்கா ஓவியர் ஜுன்ஜி இட்டோவும் அதில் பங்கேற்கவிருந்தார் என்ற செய்தி, ஆட்டம் கைவிடப்பட்ட பின்னரே வெளியே தெரிந்தது. அதன்பின், வராமல் போன இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் இட்டோவின் பெயர் நிலையான இடம் பெற்றுவிட்டது. அவர் அதில் உண்மையில் செய்தது என்ன, அவருடைய கலைக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள பொருத்தம் என்ன, ஆட்டம் நின்றுபோனதில் இழந்தது எது என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

சைலண்ட் ஹில் தொடரின் முதல் ஆட்டம் 1999-ல் பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளியானது. மூடுபனி சூழ்ந்த ஓர் அமெரிக்கச் சிற்றூர் அதன் களம். அங்கு அலையும் பேய் உருவங்கள் அந்த ஊருக்கு வருபவர்களின் குற்றவுணர்விலிருந்தும் துயரத்திலிருந்தும் பிறந்தவை என்பது தொடரின் அடிப்படைக் கருத்து. 2001-ல் வந்த இரண்டாம் ஆட்டம் இக்கருத்தை முழுமையாகக் கையாண்டது. அதில் வரும் பிரமிட் ஹெட் என்னும் முக்கோணத் தலை உருவத்தை வடிவமைத்தவர் மசாஹிரோ இட்டோ. இவரும் ஜுன்ஜி இட்டோவும் வேறு வேறு நபர்கள். இட்டோ என்பது ஜப்பானில் பரவலான குடும்பப் பெயர். இருவரும் திகில் கலையில் இயங்குவதால் வாசகர்கள் இவர்களை ஒருவராக எண்ணிக் குழப்பிக்கொள்வதுண்டு.

2014 ஆகஸ்ட் 12 அன்று, ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம் கண்காட்சி நடந்த வேளையில், பிளேஸ்டேஷன் 4 கருவிக்கான இணையக் கடையில் பி.டி. என்ற சிறிய இலவச ஆட்டம் ஒன்று வெளியானது. அதை உருவாக்கியது 7780எஸ் ஸ்டுடியோ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அப்படி ஒரு நிறுவனமே இல்லை. ஆட்டத்தின் கடைசிப் புதிரை விடுவித்தவர்களுக்கு, இருண்ட தெருவில் ஒரு மனிதர் நடந்து செல்லும் காட்சியும், அதைத் தொடர்ந்து கோஜிமா, டெல் டோரோ, நடிகர் நார்மன் ரீடஸ் ஆகியோரின் பெயர்களும், இறுதியில் சைலண்ட் ஹில்ஸ் என்ற தலைப்பும் காட்டப்பட்டன. பி.டி. என்பது 'ஆடிப் பார்க்கத்தக்க முன்னோட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 7780 என்ற எண்ணிலும் ஒரு குறிப்பு இருந்தது. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தின் பரப்பளவு ஏறத்தாழ 7,780 சதுர கிலோமீட்டர். ஷிசுவோகா என்ற பெயரின் எழுத்துகளைப் பிரித்துப் பொருள் கொண்டால் 'அமைதியான குன்று' என்று வரும்.

கடைசிப் புதிரை விடுவிக்க உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாரமாவது ஆகும் என்று கோஜிமா எதிர்பார்த்திருந்தார். ஒரு நாளுக்குள்ளேயே விடை தெரிந்துவிட்டது.

பி.டி. ஆட்டத்தின் அமைப்பு

பி.டி. ஆட்டத்தின் களம் ஒரு வீட்டின் நடைவழி. அது நேராகச் சென்று செங்கோணத்தில் திரும்பி, ஒரு கதவில் முடிகிறது. இடையில் ஒரு குளியலறை உள்ளது. ஒரு வானொலிப் பெட்டி, குடும்பத்தைக் கொன்ற தகப்பனைப் பற்றிய செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முடிவிலுள்ள கதவைத் திறந்தால் ஆட்டக்காரர் மீண்டும் அதே நடைவழியின் தொடக்கத்துக்கே வந்து நிற்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் சிறு மாற்றம் நிகழ்கிறது. விளக்கின் நிறம் மாறுகிறது, பூட்டியிருந்த கதவு சற்றுத் திறந்திருக்கிறது, குழந்தை அழும் ஒலி கேட்கிறது, லிசா என்ற பெண்ணின் உருவம் தோன்றுகிறது.

ஆட்டக்காரரிடம் ஆயுதம் கிடையாது. நடக்கலாம், பார்க்கலாம், ஒன்றை உற்று நோக்கலாம். இவ்வளவே அவரால் முடியும். அச்சமூட்டும் ஆட்டங்களில் ஓடுவதும் சுடுவதும் ஒளிந்துகொள்வதும் வழக்கம். அவை ஆட்டக்காரருக்கு ஏதோ ஒரு தற்காப்பைத் தருகின்றன. பி.டி. அதையும் தரவில்லை. மூலையைத் திரும்பினால் என்ன இருக்கும் என்று தெரியாது. திரும்பாமல் ஆட்டம் நகராது. அச்சத்தை நோக்கித் தன் கையாலேயே தன்னை நகர்த்திச் செல்ல வேண்டிய இந்த நிலைதான் பி.டி.யின் சாதனை. இட்டோவின் கலையோடு அது இணையும் இடமும் இதுவே.

ஜுன்ஜி இட்டோ

ஜுன்ஜி இட்டோ 1963 ஜூலை 31 அன்று ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் பிறந்தவர். பல் மருத்துவத்துக்குத் தேவையான செயற்கைப் பற்களைச் செய்யும் தொழில்நுட்பராகப் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் வரைந்த டோமியே என்ற கதையை மன்த்லி ஹாலோவீன் இதழுக்கு அனுப்பினார். 1987-ல் அக்கதை, மூத்த திகில் மங்கா ஓவியர் கஸுவோ உமேஸுவின் பெயரிலான போட்டியில் பாராட்டுப் பெற்றது. பின்னர் வேலையை விட்டு முழுநேர ஓவியரானார். உமேஸுவும் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டும் தன்னைப் பாதித்தவர்கள் என்று இட்டோ கூறியுள்ளார்.

அவருடைய முதன்மைப் படைப்பு உஸுமாகி. 1998, 1999 ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. உஸுமாகி என்றால் சுருள் அல்லது சுழல் என்று பொருள். ஒரு சிறு நகரம் சுருள் வடிவத்தின் பிடியில் சிக்குகிறது. நத்தை ஓடு, நீர்ச்சுழி, தலைமுடி, புகை, செவியின் உட்பகுதி என எங்கும் சுருள். அந்த ஊரில் பேயோ கொலைகாரனோ இல்லை. ஒரு வடிவமே தீமையாக நிற்கிறது. மக்கள் அதிலிருந்து விலகி ஓட முயல்கிறார்கள். ஆனால் ஊரை விட்டு வெளியேறும் சாலைகள் அவர்களை மீண்டும் ஊருக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன.

இட்டோவின் புகழ்பெற்ற மற்றொரு சிறுகதை அமிகாரா நிலப்பிளவைப் பற்றியது. நிலநடுக்கத்தால் பிளந்த மலைச்சரிவில் மனித உருவில் துளைகள் தென்படுகின்றன. ஒவ்வொருவரும் தமக்கென்றே வெட்டப்பட்ட துளையைக் கண்டுகொண்டு அதற்குள் தாமாகவே நுழைகிறார்கள். இட்டோவின் மாந்தர்கள் பலர் துரத்தப்பட்டு அழிபவர்கள் அல்லர், ஈர்க்கப்பட்டு அழிபவர்கள்.

சிறுவயதில் தான் வாழ்ந்த வீட்டில், கழிப்பறை நிலத்துக்கடியில் செல்லும் ஒரு நீண்ட வழியின் கடைசியில் இருந்ததாகவும், அங்கே பெரிய பூச்சிகள் இருந்ததால் அங்கு செல்லவே அஞ்சியதாகவும் இட்டோ ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்திருக்கிறார். பி.டி. ஆட்டத்தின் நடைவழியையும் குளியலறையையும் அறிந்தவர்களுக்கு இந்த ஒற்றுமை வியப்பளிக்கும். ஆனால் பி.டி.யை உருவாக்கியவர்கள் இதை அறிந்து செய்தார்கள் என்று கொள்ள ஆதாரம் இல்லை. இருள் நிறைந்த வழியின் கடைசியில் இருக்கும் அறையைக் கண்டு அஞ்சுவது குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவானது.

இட்டோவின் பங்கு

2015-ல், ஆட்டம் கைவிடப்பட்ட பின்னர், இட்டோவும் தங்களுடன் பணியாற்றவிருந்தார் என்பதை டெல் டோரோ வெளிப்படுத்தினார். பேய் உருவங்களை இட்டோ வரைவார் என்று எதிர்பார்க்கப்பட்டது. செய்தி உடனே பரவியது. கோஜிமா, டெல் டோரோ, இட்டோ என்ற மூன்று பெயர்கள் ஒரே ஆட்டத்தில் என்பது திகில் ரசிகர்களுக்குக் கனவு போன்றது. அந்தக் கனவு கைக்கு எட்டிக் கைநழுவியது என்ற எண்ணம் துயரத்தை இரட்டிப்பாக்கியது.

இட்டோ சொன்னது வேறு. கோஜிமாவைத் தனக்குத் தெரியும், அழைப்பு வந்தது, தொடக்கநிலைப் பேச்சு நடந்தது, அதற்குள் திட்டம் நின்றுவிட்டது என்ற அளவிலேயே பின்னாளில் அவர் பேசினார். தன் பங்கை அவர் ஒருபோதும் பெரிதுபடுத்தவில்லை. கொனாமியும் தன் அறிவிப்பில் சைலண்ட் ஹில்ஸ் திட்டத்தைக் கருநிலையில் இருந்த ஒன்றாகவே குறிப்பிட்டது. ஆகவே, சைலண்ட் ஹில்ஸுக்காக இட்டோ வரைந்து குவித்த ஓவியங்கள் ஏதோ ஒரு பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

2020 ஜூலையில் இதே கதை இன்னொரு முறை நடந்தது. அவ்வாண்டு இணையவழி நடைபெற்ற சான் டியேகோ காமிக்-கான் விழாவில், கோஜிமா ஒரு திகில் ஆட்டம் செய்யக்கூடும் என்றும் அதற்குத் தன்னை அழைத்திருக்கிறார் என்றும் இட்டோ கூறினார். சைலண்ட் ஹில்ஸ் மீண்டும் உயிர்பெறுகிறது என்று செய்திகள் பறந்தன. சில நாட்களில் இட்டோவே ட்விட்டரில் விளக்கம் அளித்தார். அது சாதாரணமாகப் பேசிக்கொண்டது மட்டுமே, குறிப்பிட்ட திட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, எதிர்பார்ப்பை உண்டாக்கியதற்காக வருத்தமும் தெரிவித்தார். ஒரு கலைஞர் தான் செய்யாத வேலைக்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ரசிகர்களின் ஆசை உண்மையைத் தாண்டிச் சென்றுவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆட்டம் கைவிடப்படுதல்

2015-ன் தொடக்கத்தில் கோஜிமாவுக்கும் கொனாமிக்கும் இடையிலான உறவு முறிந்துவிட்டது என்ற செய்திகள் வந்தன. ஏப்ரல் 27 அன்று, சைலண்ட் ஹில்ஸ் தொடராது என்பதைக் கொனாமி உறுதிப்படுத்தியது. ஏப்ரல் 29 அன்று பி.டி. இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர், முன்பே அதைப் பெற்றிருந்தவர்கள்கூட அழித்துவிட்டால் மறுபடி பதிவிறக்க இயலாது என்ற நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கோஜிமா தனி நிறுவனம் தொடங்கினார்.

டெல் டோரோவுக்கு இது இரண்டாவது ஏமாற்றம். 2010-ல் டி.எச்.கியூ. நிறுவனத்தோடு இன்சேன் என்ற திகில் ஆட்டத்தை அவர் அறிவித்திருந்தார். 2012-ல் அதுவும் கைவிடப்பட்டது.

மூவரும் வேறொரு வகையில் ஒன்று சேர்ந்தனர். 2019 நவம்பரில் வெளியான கோஜிமாவின் டெத் ஸ்ட்ராண்டிங் ஆட்டத்தில் நார்மன் ரீடஸ் நாயகனாக நடித்தார். டெல் டோரோவின் முகச்சாயல் டெட்மேன் என்ற பாத்திரத்துக்கும், இட்டோவின் முகச்சாயல் பொறியாளர் என்ற சிறு பாத்திரத்துக்கும் பயன்படுத்தப்பட்டன. இட்டோவின் கை வராமல் போன இடத்தில் அவருடைய முகம் வந்தது. இது நட்பின் அடையாளமே தவிர, கலைப் பங்களிப்பு அல்ல.

மதிப்பீடு

இட்டோ முழுமையாகப் பங்கேற்று சைலண்ட் ஹில்ஸ் வெளிவந்திருந்தால் அது தலைசிறந்த படைப்பாக இருந்திருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

இட்டோவின் அச்சம் காகிதத்தில் பிறப்பது. அவர் மாந்தர்களின் முகங்களை அழகாகவும் இயல்பாகவும் வரைகிறார். சுவர், கூரை, மரம் எல்லாம் நுண்ணிய பேனாக் கோடுகளால் பொறுமையாக நிரப்பப்படுகின்றன. வாசகர் அந்த உலகத்தை நம்பத் தொடங்கியபின், பக்கத்தைப் புரட்டும் இடத்தில் கோர உருவம் காத்திருக்கிறது. புரட்டுவது வாசகரின் கை. புரட்டாமல் நிறுத்தவும் அவரால் முடியும், ஆனால் நிறுத்துவதில்லை. புரட்டியபின் அந்தப் படம் அசையாமல் அங்கேயே இருக்கிறது. வாசகர் விரும்பும் வரை அதைப் பார்க்கலாம். பார்க்கப் பார்க்க மேலும் கோடுகள் தெரியவரும். திடுக்கிடலைவிட இந்த உற்றுப் பார்த்தலில்தான் இட்டோவின் ஆற்றல் உள்ளது.

பக்கத்தைப் புரட்டுவதற்கும் நடைவழியின் மூலையைத் திரும்புவதற்கும் உள்ள ஒற்றுமை உண்மையானது. இரண்டிலும் பார்ப்பவரின் கையே அவரை அச்சத்திடம் அழைத்துச் செல்கிறது. மீண்டும் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் பி.டி.யின் வழியும், ஓடியவர்களை ஊருக்கே திருப்பிக் கொண்டுவரும் உஸுமாகியின் சாலையும் ஒரே கற்பனையின் இரு வடிவங்கள். இந்த அளவில் கோஜிமாவும் டெல் டோரோவும் சரியான ஓவியரையே தேர்ந்தெடுத்தார்கள்.

வேற்றுமையும் அதே அளவு உண்மை. ஆட்டத்தில் உருவம் அசைய வேண்டும். முப்பரிமாணத்தில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தெரிய வேண்டும். பேனாக் கோடுகள் மறைந்து தோலும் ஒளியும் வர வேண்டும். இட்டோவின் கதைகள் அசையும் படங்களாக ஆனபோது விளைந்தது என்ன என்பதை ரசிகர்கள் கண்டிருக்கிறார்கள். 2018-ல் வெளியான அவருடைய கதைகளின் அசைவூட்டத் தொகுப்பு பலரை ஏமாற்றியது. 2024-ல் கருப்பு வெள்ளையில் நான்கு பகுதிகளாக வந்த உஸுமாகியின் முதல் பகுதி பெரிதும் பாராட்டப்பட்டது. அடுத்த பகுதிகளில் தரம் சரிந்தது என்ற குறை எழுந்தது. கோடு அசையத் தொடங்கியதும் இட்டோவின் அச்சம் நீர்த்துப்போகும் ஆபத்து எப்போதும் உண்டு. சைலண்ட் ஹில்ஸ் அதை வென்றிருக்கலாம், தோற்றிருக்கவும்கூடும். வெளிவராத படைப்புக்குத் தோல்வி கிடையாது என்பதாலேயே அதற்கு மாற்றுக் குறையாத புகழ் கிடைத்துவிடுகிறது.

இட்டோவின் கலை வீடியோ கேமுக்குள் வந்து சேர்ந்ததற்கு வேறொரு நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. போலந்து நாட்டைச் சேர்ந்த பல் மருத்துவர் பாவெல் கோஸ்மின்ஸ்கி, கணினியில் எல்லோருக்கும் கிடைக்கும் மைக்ரோசாஃப்ட் பெயின்ட் செயலியில் வரைந்து உருவாக்கிய ஆட்டம் வேர்ல்ட் ஆஃப் ஹாரர். 2023 அக்டோபரில் அதன் முழு வடிவம் வெளியானது. இட்டோவையும் லவ்கிராஃப்டையும் அது வெளிப்படையாகப் பின்பற்றுகிறது. அதில் படங்கள் பெரும்பாலும் அசைவதில்லை. வாசகர் ஒரு பக்கத்தின் முன் நிற்பதுபோல ஆட்டக்காரர் ஒரு படத்தின் முன் நிற்கிறார். பெரும் நிறுவனமும் புகழ்பெற்ற இயக்குநர்களும் சேர்ந்து எட்ட நினைத்த இணைப்பை, மிக எளிய கருவியைக் கொண்ட தனியொருவர் எட்டியிருக்கிறார். இட்டோ அதில் நேரடியாகப் பங்கேற்கவில்லை. அவருடைய கலையை முறையாகப் பயின்ற ஒரு மாணவரின் வேலை அது.

இழந்தது எது

சைலண்ட் ஹில்ஸ் பற்றிய பேச்சில் வருத்தம் பெரும்பாலும் இல்லாத ஒன்றின் மீது குவிகிறது. வரையப்படாத ஓவியங்கள், எழுதி முடிக்கப்படாத கதை, ஒருவரும் ஆடிப் பார்க்காத ஆட்டம். இவற்றை இழப்பு என்று சொல்வதைவிட நிறைவேறாத ஆசை என்று சொல்வதே பொருந்தும்.

உண்மையான இழப்பு பி.டி. அது செய்து முடிக்கப்பட்ட படைப்பு. பத்து லட்சத்துக்கும் மேலானோர் அதைப் பெற்றனர். அதன்பின் வந்த பல திகில் ஆட்டங்களில் அதன் நடைவழி மீண்டும் மீண்டும் தென்படுகிறது. 2019-ல் ஒருவர் அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்த்தபோது, குறிப்பிட்ட கட்டத்துக்குப் பின் லிசாவின் உருவம் எந்நேரமும் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. வெளியாகி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாக ஒன்றைக் காட்டும் அளவுக்கு அதில் உழைப்பு இருந்தது. இன்று அதை முறையான வழியில் பெறுவதற்கு இடமில்லை. நீக்குவதற்கு முன் பதிவிறக்கிய பிளேஸ்டேஷன் 4 கருவிகளில் மட்டுமே அது எஞ்சியிருக்கிறது. அக்கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். ரசிகர்கள் அதை மறு உருவாக்கம் செய்ய முயன்றபோது 2018-ல் கொனாமி அதையும் தடுத்தது.

இங்கே அச்சுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. டோமியே வெளியான இதழ் நின்றுபோனது; டோமியே நிற்கவில்லை. பதிப்பாளர் ஒருவர் நாளை உஸுமாகியை விற்பதில்லை என்று முடிவு செய்தாலும், நூலகங்களிலும் வீடுகளிலும் உள்ள பிரதிகளை அவரால் திரும்பப் பெற முடியாது. இணையக் கடையில் மட்டும் வாழும் ஆட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமை பெற்ற நிறுவனத்தின் ஒரு முடிவு போதும், ஒரு படைப்பு வருங்காலத் தலைமுறைக்கு இல்லாமல் போகும். அதை உருவாக்கிய ஓவியர்கள், ஒலிக் கலைஞர்கள், நிரலாளர்கள் ஆகியோரின் உழைப்பும் சேர்ந்து மறையும். அவர்களின் பெயர்கள் இட்டோவின் பெயரைப் போலப் பேசப்படுவதில்லை. ஆனால் நடைவழியைக் கட்டியவர்கள் அவர்கள்தாம்.

கொனாமி பின்னர் தொடரை மீட்டது. இரண்டாம் ஆட்டத்தின் மறு உருவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. 1960-களின் ஜப்பானைக் களமாகக் கொண்ட சைலண்ட் ஹில் எஃப் 2025 செப்டம்பரில் வந்தது. பி.டி. மட்டும் திரும்பவில்லை.

இட்டோவுக்கு இந்த நிகழ்வால் இழப்பு ஏதுமில்லை. 2019, 2021 ஆண்டுகளில் அவர் ஐஸ்னர் விருதுகளைப் பெற்றார். அவருடைய நூல்கள் தொடர்ந்து அச்சாகின்றன. சைலண்ட் ஹில்ஸில் அவர் பங்கைப் பற்றி எழுதுவோர் 'அழைக்கப்பட்டார், பேசினார், பணி தொடங்கும் முன் திட்டம் நின்றது' என்று எழுதினால் போதும். அவருடைய சொல்லுக்கு அதுவே மதிப்பு. மீதமுள்ள வருத்தத்தை, ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்து இன்று மறைந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு நடைவழிக்கு ஒதுக்குவது நியாயம்.